பெங்களூரில் முதல் முறையாகத் தாய்லாந்து உணவகம் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வெளியே சாப்பிடுவது என்றால் பெரும்பாலும் பிரியாணி, ஆந்திரா மீல்ஸ், இல்லையென்றால் தந்தூரி ரொட்டி. இந்திராநகர், கோரமங்களா பக்கம் தாய் உணவகத்தின் பலகையைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள்கூட உள்ளே போகத் தயங்குகிறார்கள். மெனு புரியாது, எது சைவம் என்று தெரியாது, இவ்வளவு காசு கொடுத்துப் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற யோசனை வேறு.

தாய்லாந்துச் சமையலில் நமக்கு அந்நியமானவை குறைவு. சோறு, தேங்காய்ப்பால், புளி, மிளகாய், பனைவெல்லம், கொத்தமல்லி எல்லாம் நம் அடுப்படியில் இருப்பவைதான். அப்படியிருந்தும் பலர் ஒரு முறை போய்விட்டு "எனக்கு அது ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சமையல்காரர் மீது தவறு இருக்காது. ஆளுக்கொரு ஐட்டம் ஆர்டர் செய்து, அதை மட்டும் கடைசிவரை சாப்பிட்டிருப்பார்கள். தாய் சாப்பாடு அப்படிச் சாப்பிடுவதற்காகச் சமைக்கப்படுவது இல்லை. ஆர்டர் செய்யும் விதம் சரியாக இருந்தால் முதல் முறையே பிடித்துப்போகும்.

முதலில், எந்த இடம்?

பெங்களூரில் தாய் உணவு கிடைக்கும் இடங்களில் பல 'பான் ஏஷியன்' கடைகள்தான். சுஷி, டிம்சம், ராமென், தாய் கறி எல்லாம் ஒரே மெனுவில் இருக்கும். அவற்றிலும் நல்ல சமையல் உண்டு. ஆனால் முதல் அனுபவத்துக்குத் தாய் உணவை மட்டுமே சமைக்கும் இடத்தையோ, தாய் பகுதி பெரிதாக இருக்கும் இடத்தையோ தேர்ந்தெடுங்கள். ஒன்றிரண்டு கறிகளை மட்டும் வைத்திருக்கும் கடையில் டப்பா விழுதைப் பிரித்துத் தேங்காய்ப்பாலில் கரைத்துக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

மெனுவைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். பச்சைப் பப்பாளி சாலட்டான சோம் தாம் இருக்கிறதா? சாதம் என்ற இடத்தில் ஜாஸ்மின் ரைஸ் என்று போட்டிருக்கிறார்களா? கறிகளில் கிரீன், ரெட் தாண்டி மாசமான், பனாங் எல்லாம் இருக்கிறதா? இவை இருந்தால் சமையலறையில் தாய் உணவைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று நம்பலாம். போன் செய்து, "கறி விழுதை நீங்களே அரைக்கிறீர்களா?" என்று கேட்பதிலும் தவறில்லை. அரைக்கிற இடம் என்றால் பெருமையாகவே சொல்வார்கள்.

எம்.ஜி. ரோட்டில் ஓபராய் ஹோட்டலுக்குள் இருக்கும் ரிம் நாம் மாதிரியான நட்சத்திர ஹோட்டல் உணவகங்களும் உண்டு. அங்கே பில் பெரிதாக வரும். கல்யாண நாள் மாதிரி ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் முறைக்கு நடுத்தர விலையில் தனியாக இயங்கும் உணவகமே போதும்.

நேரமும் முக்கியம். சனி, ஞாயிறு இரவு எட்டரைக்குப் போனால் கூட்டம், இரைச்சல், கேள்வி கேட்டால் பதில் சொல்ல நேரமில்லாத பணியாளர்கள். வார நாள் மதியம் போங்கள். பரிமாறுகிறவர் நின்று விளக்குவார், சமையலறைக்குள் போய் கேட்டுவந்தும் சொல்வார்.

வீட்டிலேயே தெரிந்துகொண்டு போக வேண்டியவை

புளிப்பு, காரம், உப்பு, இனிப்பு ஆகிய நான்கும் சேர்ந்து வருவதுதான் இந்தச் சமையலின் ஆதாரம். கறியிலும் சாலட்டிலும் பனைவெல்லம் அல்லது சர்க்கரை சேர்ப்பார்கள். "சாப்பாட்டில் எதற்கு இனிப்பு?" என்று தோன்றினால், இது அந்த ஊர் முறை, உங்களுக்காக மாற்றியது அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாசனை மூன்று பொருட்களிலிருந்து வருகிறது. எலுமிச்சைப் புல் நமக்குத் தெரிந்ததே. இன்னொன்று கலங்கல் என்ற கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பேரரத்தைதான் அது. மூன்றாவது கஃபிர் லைம் என்ற இலை. இரண்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதுபோல் இருக்கும். நாரத்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடித்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த வாசனையின் குடும்பம் பழக்கமானது.

அசல் கிரீன் கறியில் பட்டாணி அளவில் பச்சையாக உருண்டைகள் கிடக்கும். பட்டாணி என்று நினைத்துக் கடித்தால் லேசாகக் கசக்கும். அது நம் சுண்டைக்காய். அதே செடிதான். பெங்களூரில் பல கடைகளில் இதைப் போடுவதில்லை, கத்தரிக்காயோ பட்டாணியோ போடுகிறார்கள். சுண்டைக்காயைப் போடும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

'கிரா பாவ்' என்று எழுதியிருந்தால் துளசி போட்டு வதக்கியது என்று பொருள். தாய்லாந்தில் அதைப் பெரும்பாலும் கோழி, பன்றி இறைச்சியோடு சேர்த்துச் செய்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்குத் துளசியை அசைவத்தோடு பார்ப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்கள் உடன் வந்தால் அந்த ஐட்டத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கிரீன் கறியில் விழும் பேசில் வேறு வகை, நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். தாய்ச் சமையலில் உப்புக்குப் பதில் மீன் சாஸ் ஊற்றுவார்கள். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. கறி விழுதில் இறால் விழுது சேரும். பாட்டிலில் வரும் வறுத்த மிளகாய் விழுதில் பல சமயம் காய்ந்த இறால் இருக்கும். வதக்கல்களில் சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் இருக்கும். ஆக, காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தட்டு, சைவமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

பெங்களூர் உணவகங்களில் நிலைமை பரவாயில்லை. சைவ வாடிக்கையாளர்கள் அதிகம் என்பதால் மெனுவில் பச்சைப் புள்ளியோடு தனிப் பகுதியே இருக்கும். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், ஆய்ஸ்டர் சாஸுக்குப் பதில் காளானில் செய்த சாஸ் என்று மாற்றிக்கொள்கிறார்கள். ஆனாலும் பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. "வெஜ்ஜா?" என்று மட்டும் கேட்டால் "வெஜ்தான்" என்று பதில் வரும். அதனால் கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்:

- இதில் மீன் சாஸ் அல்லது ஆய்ஸ்டர் சாஸ் போடுகிறீர்களா?
- கறி விழுதில் இறால் இருக்கிறதா? சைவத்துக்குத் தனி விழுதா?
- சூப்புக்குக் கோழி வேகவைத்த தண்ணீரா, காய்கறித் தண்ணீரா?
- முட்டை சேருமா?

விழுதைப் பற்றிய கேள்விதான் இவற்றில் மிக முக்கியம். சாஸை அடுப்பில் இருக்கும்போது மாற்றலாம், அரைத்து வைத்த விழுதுக்குள் போன இறாலை யாராலும் எடுக்க முடியாது. பணியாளர் தயங்கினால் "கொஞ்சம் செஃப்பிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்களில் பலர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், இந்தியிலோ ஆங்கிலத்திலோ மெதுவாகப் பேசினால் போதும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. உட்கார்ந்ததும் சில இடங்களில் கொறிக்க வெள்ளை அப்பளம் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். அது இறால் அரைத்த மாவில் பொரித்ததாக இருக்கலாம். ஊரிலிருந்து வந்த மாமியார் "ஏம்ப்பா, இது அரிசி அப்பளம்தானே?" என்று எடுப்பதற்குள் நீங்கள் கேட்டுவிட வேண்டும்.

வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்குக் கறி எதுவும் ஒத்துவராது. எல்லா விழுதிலும் சின்ன வெங்காயமும் பூண்டும் அரைபடும். பூண்டில்லாமல் வதக்கிய காய்கறி, வெறும் ஜாஸ்மின் சாதம், கடைசியில் மாம்பழ இனிப்பு என்று சாப்பிடலாம். அதையும் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே வாணலியில் அசைவமும் சமைப்பது மனதுக்கு ஒப்பாது என்பவர்களுக்கு, அசைவம் சமைக்கும் தாய் உணவகம் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலக்கடலை, இறால், சோயா ஒவ்வாமை இருப்பவர்கள் ஆர்டர் செய்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கடலை பல ஐட்டங்களில் பொடித்துத் தூவப்படும், மாசமானில் குழம்போடு வெந்திருக்கும்.

ஆர்டர் செய்வது

தாய்லாந்து வீடுகளில் நடுவில் எல்லாவற்றையும் வைத்து, ஆளுக்கொரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு, எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு ஐட்டம் காரமாக இருந்தால் இன்னொன்று சாதுவாக இருக்கும். ஒன்று குழம்பாக இருந்தால் இன்னொன்று மொறுமொறுப்பாக இருக்கும். நம் இலையில் சாம்பாரை மட்டும் வைத்துவிட்டுப் பொரியல், அப்பளம், மோர் எதுவும் வைக்காமல் விட்டால் எப்படி இருக்குமோ, கிரீன் கறியை மட்டும் ஆர்டர் செய்து ஒருவர் சாப்பிடுவதும் அப்படித்தான். பாதிக் கிண்ணத்திலேயே தேங்காய்ப்பால் திகட்டிவிடும்.

எனவே மேசை முழுவதற்கும் சேர்த்து யோசியுங்கள். இரண்டு பேர் என்றால் ஒரு சாலட், ஒரு கறி, ஒரு வதக்கல், ஆளுக்கு ஒரு கிண்ணம் சாதம். நான்கு பேர் என்றால் கூடவே ஒரு சூப்பும், ஒரு நூடுல்ஸும். சைவரும் அசைவரும் கலந்து போனால் கறி, சாலட், சூப் மூன்றையும் சைவமாகவே வாங்கிப் பொதுவில் வைத்துவிட்டு, அசைவத்தில் ஒரு மீனோ கோழியோ தனியாகச் சொல்லுங்கள். அப்போதுதான் சைவம் சாப்பிடுகிறவர் ஒரே கிண்ணத்தோடு ஓரமாக உட்கார வேண்டிவராது.

சூப்பில் டாம் யம்தான் பெயர் பெற்றது. புளிப்பும் காரமும் மூக்கில் ஏறும், சளி பிடித்த நாளில் குடித்தால் சுகமாக இருக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் டாம் கா சொல்லுங்கள். அதே பேரரத்தை வாசனை, ஆனால் தேங்காய்ப்பாலில் வருவதால் சாது. இரண்டிலும் மிதக்கும் எலுமிச்சைப் புல் தண்டு, கிழங்குத் துண்டு, இலை எதையும் மெல்ல வேண்டாம். சாறு இறங்கத்தான் போட்டிருக்கிறார்கள், ஒதுக்கி வையுங்கள்.

சாலட்டுக்குச் சோம் தாம். துருவிய பப்பாளிக்காயோடு காராமணி, தக்காளி, பூண்டு, மிளகாய், கடலை, எலுமிச்சைச் சாறு, பனைவெல்லம் சேர்த்து உரலில் இடித்துச் செய்வது. வடகிழக்குத் தாய்லாந்தான ஈசான் பகுதியோடு சேர்த்துப் பேசப்படும் உணவு இது. அசலில் காய்ந்த இறாலும் மீன் சாஸும் உண்டு, சைவத்துக்கு இரண்டையும் விடச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் இருந்தால் பப்பாளிக்காய் வேண்டாம், மாங்காயில் செய்யும் சாலட் கிடைக்கும். இந்தச் சாலட் இல்லாமல் தாய் சாப்பாடு சாப்பிடாதீர்கள் என்பேன். தேங்காய்ப்பாலின் கனத்தை உடைக்க வேறெதுவும் இவ்வளவு நன்றாக உதவாது.

கறிகளில் முதல் முறைக்கு எது? எல்லோரும் கிரீன் கறி சொல்வார்கள். பச்சை மிளகாயில் அரைத்தது, பார்க்கச் சாதுவாக இருந்தாலும் காரம் உண்டு. ரெட் கறி காய்ந்த மிளகாயில். மஞ்சள் கறியில் மஞ்சளும் மசாலாப் பொடியும் சேர்வதால் சாது, குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் நம்மூர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது மாசமான். உருளைக்கிழங்கு, கடலை, புளி, ஏலக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் சேர்ந்த கெட்டியான குழம்பு. முஸ்லிம் வணிகர்கள் வழியாக வந்த மசாலா முறை என்பதால் நாக்குக்கு உடனே பிடிபடும். தாய்லாந்துக் கடற்கரைக்கு நம் வணிகர்களும் போயிருக்கிறார்கள். அங்குள்ள தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. குளம் ஒன்றை வெட்டி, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்ட செய்தி அதில் இருக்கிறது. மாசமான் வந்த வழிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனாலும் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நல்ல கிரீன் கறி கொஞ்சம் நீர்க்கத்தான் இருக்கும். மேலே பச்சை நிறத்தில் எண்ணெய் திட்டுத்திட்டாக மிதக்கும். ஸ்பூனில் எடுத்தால் கூழாக விழுகிறது என்றால் சோள மாவு கலந்திருக்கலாம்.

நூடுல்ஸில் பேட் தாய். அரிசி நூடுல்ஸ், புளி, பனைவெல்லம், டோஃபு, முட்டை, முளைகட்டிய பயறு, கடலை. 1930களின் கடைசியிலிருந்து பிரதமர் பிபுன்சொங்க்ராமின் அரசு தேசிய உணவாக ஊக்குவித்துப் பரப்பியது இது, பழைய அரண்மனைச் சமையல் அல்ல. நிறம் புளியின் பழுப்பில் இருக்க வேண்டும். சிவப்பாகப் பளபளத்தால் கெட்சப். வந்ததும் ஓரத்தில் இருக்கும் எலுமிச்சையைப் பிழிந்து, கடலைப்பொடியைக் கலந்து உடனே சாப்பிடுங்கள். ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இது தனியாளுக்கான ஒரு தட்டுச் சாப்பாடு, அதனால் தனியாகப் போகும் நாளுக்குப் பொருத்தம்.

சாதம் விஷயத்தில் ஒரு வேண்டுகோள்: கறியோடு ஃபிரைடு ரைஸ் வாங்காதீர்கள். வெறும் ஜாஸ்மின் சாதம் வாங்குங்கள். லேசாக ஒட்டும், மெல்லிய மணம் வரும், குழம்பை வாங்கிக்கொள்ளும். ஃபிரைடு ரைஸில் ஏற்கனவே உப்பும் சாஸும் இருக்கின்றன. அதன்மேல் கறியை ஊற்றினால் இரண்டும் கெட்டுவிடும்.

காரத்தைச் சொல்வது எப்படி

"நாங்க தமிழ்நாடு, காரமா போடுங்க" என்று சொல்லிவிடத் தோன்றும். வேண்டாம். தாய் மிளகாய் காந்தாரி மாதிரி சின்னது. நம் குழம்பில் மிளகாய்த் தூள் வெந்து அடங்கிவிடும், சோம் தாமில் பச்சையாகவே இடித்துப் போடுகிறார்கள். கறிக்கு 'மீடியம்' என்று சொல்லுங்கள். சோம் தாமுக்கு எத்தனை மிளகாய் என்றே எண்ணிச் சொல்லலாம், தாய்லாந்திலும் அப்படித்தான் கேட்பார்கள். இருவருக்கான சாலட்டில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பற்றாவிட்டால் மேசைக்கு மிளகாய்த் தூளோ, ஊறவைத்த மிளகாயோ கொண்டுவரச் சொல்லலாம். அந்த ஊறவைத்த மிளகாய் மீன் சாஸில் ஊறியதா, வினிகரில் ஊறியதா என்று சைவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, காரத்தைக் கொடுக்கும் பொருள் தண்ணீரில் கரையாது. ஒரு வாய் சாதம், அப்புறம் தேங்காய்ப்பால் கறி ஒரு ஸ்பூன்.

சாப்பிடும் முறை

ஸ்பூன் வலது கையில், ஃபோர்க் இடது கையில். ஃபோர்க்கால் சோற்றை ஸ்பூனில் தள்ளி, ஸ்பூனால் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். சாப்ஸ்டிக் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், சோற்றுக்கு அங்கேயும் அதைப் பயன்படுத்துவதில்லை. தட்டில் சோறு போட்டு, ஏதாவது ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் எடுத்து, அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தால் எல்லாம் ஒரே ருசியாகிவிடும். சூப்பையும் முதலிலேயே குடித்து முடிக்கத் தேவையில்லை, நடுநடுவே குடிக்கலாம்.

இனிப்பும் குடிக்கவும்

மாம்பழத்தோடு வரும் ஒட்டரிசி இனிப்பை ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் போனால் கட்டாயம் வாங்குங்கள். கர்நாடகாவின் பாதாமியோ பங்கனப்பள்ளியோ நன்றாகப் பழுத்திருக்கும் காலம். மேலே ஊற்றும் தேங்காய்ப்பாலில் உப்பு போட்டிருப்பார்கள், அதுதான் பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும். செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்த ஒட்டும் பதம் பழகியதே. மாம்பழக் காலம் இல்லையென்றால் புளித்த பழத்தை வாங்கி ஏமாற வேண்டாம். வாட்டர் செஸ்ட்நட் என்ற நீர்க்கிழங்கைச் சிவப்பாக்கி ஐஸோடு தேங்காய்ப்பாலில் போட்டுத் தரும் தப் திம் குரோப் வாங்கலாம்.

தாய் ஐஸ் டீ ஆரஞ்சு நிறத்தில், கண்டென்ஸ்டு மில்க்கோடு மிகவும் இனிப்பாக வரும். ஒன்றை வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

பில்

தனி உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 சதவீதம். இடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தடுத்து வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பொறுமையாக விளக்கிப் பரிமாறியவருக்கு டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள்.

மீந்தால் பார்சல்

கறியும் சாதமும் பார்சலுக்குத் தாங்கும். சோம் தாம் தண்ணீர் விட்டுவிடும், பேட் தாய் கட்டியாகிவிடும், அந்த இரண்டையும் அங்கேயே முடித்துவிடுங்கள். கறியை வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே சூடு செய்யுங்கள். தளதளவெனக் கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும். மாசமான் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், இடியாப்பத்துக்கு ஊற்றிச் சாப்பிடுங்கள்.